பெரிய பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசு: கேட்டுவிட்டு வாங்குங்கள்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிற ஊர் திருவண்ணாமலை. கொடுக்கிற பழக்கத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம்னு கிளம்பும்போது, நம்மில் பலர் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். மனசுக்குள் ஐந்து வயசுக் குழந்தையை நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். கொடுக்கப் போகிற இடத்தில் பதினைந்து வயசுப் பிள்ளையும் இருக்கும் என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதை நான் செய்து பார்த்துதான் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நாலு குடும்பமாகச் சேர்ந்து வேங்கிக்காலில் இருந்து ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். வண்டி நிறைய சாமான்: வண்ணம் தீட்டும் புத்தகம், கிரேயான், பொம்மை, இனிப்பு. சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் கையிலும் ஒரு வண்ணப் புத்தகத்தைக் கொடுத்தோம். "தேங்க்ஸ் அண்ணா" என்று வாங்கினான். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் அது ஒரு சின்னப் பையன் கையில் இருந்தது.

அடுத்த வருஷம் போவதற்கு இரண்டு வாரம் முன்பே அங்கிருக்கும் காப்பாளரிடம், "பெரிய பிள்ளைங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றோம். வந்த பட்டியலைப் பார்த்து எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. ஒருவன் பெல்ட் கேட்டிருந்தான். இரண்டு பெண்கள் உள்ளாடை வேண்டும் என்று காப்பாளரிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவன் சவரம் செய்ய ரேசர். இன்னொரு பெண் பூட்டு கேட்டிருந்தாள், தன் தகரப் பெட்டிக்கு. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள அவளிடம் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. தமிழக அரசு, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாப் பாடப்புத்தகத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தருகிறது. நோட்டுப் புத்தகம் பத்தாம் வகுப்பு வரை. சத்துணவும் பத்தாம் வகுப்பு வரை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கான நான்கு செட் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் ஒன்பதில் இருந்து சீருடை, பதினொன்றில் இருந்து நோட்டு, மதியச் சாப்பாடு என்று செலவு ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் வந்து சேர்கிறது. அதே சமயம் நன்கொடை கொடுப்பவர்களுடைய கண்ணும் சின்னப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆக, பிள்ளை வளர வளர செலவு கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளையைவிட, பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருந்து படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் கடினம்.

அதனால் முதல் வேலை, கேட்பது. பிள்ளையிடம் நேரில் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறந்து சொல்லாது. காப்பாளர், விடுதி வார்டன், வகுப்பு ஆசிரியர் மூலம் கேளுங்கள். வயசு, வகுப்பு, துணி சைஸ், செருப்பு சைஸ் இவ்வளவு போதும், பெயர் தேவையில்லை. பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் பிள்ளைகள் மளமளவென்று வளர்வார்கள். போன தீபாவளிக்கு எடுத்த அளவை வைத்து இந்தத் தீபாவளிக்குப் பேன்ட் வாங்கினால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

துணி எடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் மொத்தமாக எடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரே மாதிரிச் சட்டையில் இருபது பிள்ளைகள் தெருவில் நடந்தால், 'இதுங்க அந்த இல்லத்துப் பிள்ளைங்க' என்று ஊருக்கே தெரிந்துவிடும். பதினாறு வயசில் அது எவ்வளவு உறுத்தும் என்று நம் வீட்டுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தாலே புரியும். ஜவுளிக்கடையில் பேசி இல்லத்துக்கே துணிகளைக் கொண்டு வரச் சொல்லலாம், பிள்ளைகள் தாங்களே பார்த்து எடுப்பார்கள். பிள்ளைகளைக் கடைக்கே கூட்டிப் போக ஆசைப்பட்டால், அதை இல்ல நிர்வாகம் அனுமதித்து அவர்களே உடன் வந்தால்தான் உண்டு. நாமாகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

புத்தகமும் அப்படித்தான். மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழா நேரத்தில், ஆளுக்கு இருநூறு ரூபாய்க்கு டோக்கன் மாதிரி ஏற்பாடு செய்து கொடுத்தால், எது வேண்டுமோ அதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். காமிக்ஸ் எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். வாலிபால், கேரம் போர்டு, இறகுப்பந்து மட்டை போன்றவை பொதுவாக வைத்துக்கொள்ள நல்லவை. செல்போன் மட்டும் இல்லத்து விதியைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நாப்கின் விஷயத்தில், 'புது யுகம்' திட்டத்தில் அரசே தருகிறதே என்று விட்டுவிடாமல், போதுமான அளவு இருக்கிறதா என்று பெண் காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பெண் பிள்ளைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தரலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பத்து வயசு முடிந்துவிட்டால் அந்தக் கணக்கு தொடங்க முடியாது. அதுவும் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க வேண்டும். பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வங்கியில் தங்கள் பெயரிலேயே சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால், அந்தப் பழக்கம் முன்பே இருப்பது நல்லது.

பதினேழு வயசுப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பதினெட்டு முடிந்ததும் இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் வழி உண்டு, ஆனாலும் கையில் ஒரு பெட்டியோடு புது இடத்துக்குப் போகிற நாள் வந்தே தீரும். அந்தப் பிள்ளைக்கு இனிப்பு டப்பாவைவிட ஒரு நல்ல சூட்கேஸ், போர்வை, தட்டு டம்ளர், கல்லூரி விண்ணப்பக் கட்டணம், முதல் மாத விடுதிப் பணம் இவைதான் பரிசு. இதற்குத் தீபாவளி வரை காத்திருக்கவும் வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதமே சரியான நேரம்.

இனி, எங்கே கொடுப்பது? இல்லமாக இருந்தால் அது பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015-இன் 41-ஆவது பிரிவின்படி எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். வீட்டில் உறவினரோடு இருக்கும் பிள்ளைக்கு உதவ நினைப்பவர்களும் அங்கேதான் போக வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் அரசு நிதி ஆதரவு கிடைக்கிறது. தனியார் பொறுப்பேற்றுச் செய்யும் நிதி ஆதரவுக்கும் அதே திட்டத்தில் இடம் உண்டு. அரசுப் பள்ளிக்குச் செய்ய விரும்பினால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' இணையதளத்தில் பள்ளியையும் தேவையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

போட்டோ எடுப்பது பற்றி: கூடவே கூடாது. அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என எந்த அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேருக்குத்தானே தெரியும் என்று நினைக்காதீர்கள். அந்த நாலு பேரில் ஒருவர் அதே வகுப்புப் பையனின் அப்பாவாக இருக்கலாம். பாட்டுப் பாடச் சொல்வது, வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கொடுப்பது, "நல்லாப் படிக்கணும், சரியா?" என்று கன்னத்தைத் தட்டுவது இதெல்லாமும் வேண்டாம். பொருளைக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்தால் ஒரு ஆட்டம் கேரம் ஆடிவிட்டு வாருங்கள்.

வரிச் சலுகை கேட்பவர்களுக்கு: 80ஜி சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான், பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. காசோலை அல்லது வங்கி வழியாகக் கொடுத்து, ரசீதும் 10பிஇ சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தால் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏதாவது ஒரு பிள்ளை ஆதரவில்லாமல் இருப்பது தெரிந்தால் அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 1098 என்ற கட்டணமில்லா எண் எந்த நேரமும் இயங்கும்.