குளியலறைத் தளத்தின் வாட்டமும் மேஸ்திரியின் பாக்கியும்

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி டைல்ஸ் வேலையைச் சுற்றியே எழுவதற்குக் காரணம், வீட்டுக்காரரின் கண்ணுக்குப் படுவது மேற்பரப்பு மட்டுமே என்பதும், வேலையின் தரத்தைத் தீர்மானிக்கும் வாட்டமும் ஒட்டும் நீர்த்தடுப்புப் பூச்சும் அதற்கு அடியில் மறைந்துவிடுகின்றன என்பதுமே ஆகும். தமிழகத்து ஊர்களில் டைல்ஸைக் கடையில் வீட்டுக்காரரே வாங்கித் தந்து, சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று மேஸ்திரியிடம் வாய்மொழியாகப் பேசி முடிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், குறை தெரிய வரும்போது மேஸ்திரி டைல்ஸின் வளைவைக் காட்டுவார். கடைக்காரர் ஒட்டிய விதத்தைக் காட்டுவார். சதுர அடிக் கூலி வேகத்துக்குப் பரிசளிக்கும் முறை என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

ஆகவே, குறையைக் கண்டவுடன் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, அது பார்வைக்கு உறுத்தும் குறையா, பயன்பாட்டைக் கெடுக்கும் குறையா என்பதாகும். இடைவெளிக் கோடு சற்று கோணலாக ஓடுவதும், அடுத்தடுத்த இரு டைல்ஸின் விளிம்புகள் மயிரிழை அளவு ஏறி இறங்கி நிற்பதும் முதல் வகையைச் சேரும். நீளமான டைல்ஸ் சூளையில் வேகும்போது நடுவில் லேசாக வளைவது இயல்பு என்பதால், செங்கல் வரிசை போலப் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால் ஒன்றின் மேடான நடுப்பகுதி மற்றொன்றின் தாழ்ந்த முனையோடு சேர்ந்து ஏற்ற இறக்கம் கூடுகிறது. 15 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ளவற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது என்பது இதனாலேயே தொழில்விதியாக உள்ளது. இப்படிப்பட்ட குறைகளை உடைத்துச் சரிசெய்யச் சொல்வதைவிடக் கூலியில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்லது. ஏனெனில் ஒரு டைல்ஸை உடைத்தெடுக்கும்போது அண்டை டைல்ஸின் விளிம்பு சிதறுவதும், அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிவதும் அடிக்கடி நிகழ்கின்றன.

வாட்டக் குறையில் இத்தகைய விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. வாட்டம் என்பது நீர் தானாக வடிகுழி நோக்கி ஓடுமாறு தளத்துக்குக் கொடுக்கப்படும் சரிவு. குளியலறையில் அது மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை, அதாவது ஆறடி நீளத்துக்கு ஏறத்தாழ முக்கால் அங்குலம் இருப்பது பொருத்தமாகும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைக் காட்டிலும், ஒரு வாளித் தண்ணீரைத் தளமெங்கும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்து எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டமிட்டு, அதை மேஸ்திரியையும் நிற்கவைத்துக் காட்டுவதே தர்க்கத்தைச் சுருக்கும் வழி. துடைப்பத்தால் தள்ளிவிட்டால் போதும் என்ற பதில் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் கிடைக்கும். தினமும் தள்ளப்போவது அவர் அல்லர். தேங்கும் பகுதியைப் பெயர்த்து, அடிக்கலவையைத் திருத்தி மறுபடி ஒட்டுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை என்பதால், வேலையின் போதே நான்கைந்து பெட்டி டைல்ஸ் மிச்சம் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள தயாரிப்புத் தொகுதி எண் மாறினால், அதே பெயர் கொண்ட டைல்ஸுக்கும் நிறம் ஒத்துவராது.

பொள்ளல் சத்தம் இதைவிட நுட்பமான குறை. நாணயத்தாலோ கரண்டியின் கட்டைப்பிடியாலோ தட்டும்போது கெட்டியான ஒலிக்குப் பதிலாகக் காலியான ஒலி வந்தால், அடியில் கலவை பரவவில்லை என்று பொருள். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான நீரையே உறிஞ்சுவதால், சிமெண்ட் பால் அதன் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ள முடிவதில்லை. பாலிமர் கலந்த அடெசிவ் தேவைப்படுவது இதனால்தான். இவ்வகை அடெசிவ்களை ஐ.எஸ். 15477 என்னும் இந்தியத் தரநிலை வகை பிரித்துக் கூறுகிறது. அடெசிவ் வாங்கித் தந்த பிறகும், பல்கரண்டியால் முழுவதும் இழுக்காமல் மூலைக்கு ஓர் உருண்டையும் நடுவில் ஓர் உருண்டையும் வைத்து அழுத்துவது, நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கமாக நிலவுகிறது. தளத்தில் நடுப்பகுதியில் சிறு வட்டம் மட்டும் ஒலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூலையிலோ விளிம்பிலோ ஒலித்தால் கனமான பொருள் விழும்போது விரிசல் விடும். சுவரில், தலைக்கு மேல் ஒலிப்பதை ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது.

கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் தெரிந்தால், உடனே மேலிருந்து எபாக்சி பூசிக் கோடுகளை அடைக்கச் சொல்வது பொதுவான அவசரம். கோட்டு நிரப்பிக்கு நீரைத் தடுக்கும் கடமை இல்லை. அது அடியிலுள்ள பூச்சின் வேலை. குழாயை எவரும் திறக்காத இரவிலும் ஈரம் பெருகினால் அழுத்தத்தில் நிற்கும் நீர்க்குழாயையும், குளித்த பிறகு மட்டும் பெருகினால் வடிகுழாயையோ நீர்த்தடுப்புப் பூச்சையோ சந்தேகிக்க வேண்டும். பூச்சைச் சோதிக்க வடிகுழியை அடைத்து, அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை கீழிருந்து கவனிக்கும் முறை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியது. அப்போது அதைத் தவிர்த்த வீட்டுக்காரர் பின்னர் செய்யும் சோதனை, கசிவு உண்டு என்பதைக் காட்டுமேயன்றி, அதன் இடத்தைக் காட்டாது.

குறைகளை நாளொன்றுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே தாளில் இடம் குறித்து எழுதி, தேதி தெரியும் படங்களுடன், சித்தாள்கள் எதிரில் இல்லாத வேளையில் மேஸ்திரியிடம் தருவது பலன் தருகிறது. அப்பேச்சுக்கு வலு சேர்ப்பது பாக்கித்தொகையே. அரசுப் பணி ஒப்பந்தங்களில் ஒரு பகுதி பணத்தைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் நடைமுறை உள்ளது; வீட்டு வேலையிலும் பத்தில் ஒரு பங்கை, நீர் ஊற்றிப் பார்த்து முடியும்வரை நிறுத்துவதாகத் தொடக்கத்திலேயே பேசிவிடலாம். மொத்தக் கூலியையும் பிடித்துவைப்பது வேறு விஷயம். அது சித்தாளின் அன்றாடக் கூலியில் கைவைப்பதாகும், மேஸ்திரியைத் திரும்ப வரவும் விடாது.

பேச்சு முறிந்துபோனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கோர இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வேலையை ஒப்பந்தமாக ஏற்றவரின் பணியே இச்சட்டத்தில் சேவையாகும். வீட்டுக்காரரின் ஏவலில் நாட்கூலிக்கு வேலை செய்தவரின் உழைப்பு தனிப்பட்ட பணி ஒப்பந்தமாகக் கருதப்பட்டு விலக்கப்படக்கூடும். அடுக்குமாடி விற்பவர் மீது ரியல் எஸ்டேட் சட்டம், 2016 சுமத்தும் 5 ஆண்டுப் பொறுப்பும் புதுப்பிப்பு மேஸ்திரிக்குப் பொருந்தாது. வேறொருவரைக் கொண்டு சரிசெய்யும் முன், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் காலக்கெடு குறிப்பதும், பெயர்த்தெடுத்த டைல்ஸின் பின்புறத்தைப் படமெடுத்து ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். அடெசிவ் எங்கெங்கே பட்டது, எங்கே படவே இல்லை என்பது அந்தப் பின்புறத்தில்தான் பதிந்திருக்கும்.