விதைக் கிடாயை வியாபாரிக்குக் கொடுக்காதீங்க

நெல்லில் நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்கிறோம். செம்மறியில் பல பட்டிகளில் இது தலைகீழாக நடக்குது. நல்லா வளர்ந்த கிடாக்குட்டியைத்தான் வியாபாரி முதலில் கைகாட்டுவார். விலைபோகாத சோணிக் குட்டி பட்டியிலேயே தங்கி, அடுத்த ஈத்துக்கு அப்பன் ஆகிவிடும். அப்புறம் "குட்டிக எடையே புடிக்க மாட்டேங்குது" என்று தீவனத்தைக் குறை சொல்வோம்.

நான் வளர்ப்பது மேச்சேரி ஆடு. ஒரே இனம், ஒரே மேய்ச்சல்தான். ஆனாலும் குட்டிக்குக் குட்டி எடை மாறுது. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு தாய்ப்பால், பருவம், தீவனத்தால் வருவது. இன்னொரு பங்கு பரம்பரையாக வருவது. அடுத்த தலைமுறைக்குப் போவது இந்த இரண்டாவது பங்கு மட்டும்தான். அதைப் பிரித்துப் பார்க்க நான் செய்வது இவ்வளவுதான்:

1. பிறந்த அன்று, 3-ம் மாதம், 6-ம் மாதம் எடை போட்டு நோட்டில் எழுதுகிறேன். தொங்கு தராசு போதும். 3 மாத எடையில் தாயின் பால் பேசும். 6 மாத எடையில்தான் குட்டியின் சொந்த வளர்ச்சி தெரியும்.

2. ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளை மட்டுமே ஒப்பிடுகிறேன். ஒத்தைக் குட்டி 11 கிலோ, இரட்டைக் குட்டிகள் தலா 9 கிலோ என்றால், இரட்டையைக் கழிக்கக் கூடாது. அந்தத் தாய் 18 கிலோ வளர்த்திருக்கு! இரட்டையை இரட்டையோடுதான் ஒப்பிடணும்.

3. ஐந்தாம் மாதத்துக்குள் கிடாக்குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுகிறேன். 6 மாத எடை பார்க்கும்வரை எதையும் விற்பதில்லை. கால் உறுதி, இரண்டு விதையும் சமமாக இறங்கியிருக்கா என்றும் பார்ப்பேன்.

4. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றுகிறேன். இல்லாவிட்டால் அப்பனே மகளோடு சேரும். குட்டிகள் நலிந்து, சாவும் கூடும். உறவில்லாத பட்டியிலிருந்து, அதே இனக் கிடாயை மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு பெட்டை வருசத்துக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். ஒரு கிடா 25 பெட்டைக்கு அப்பன். பிறக்கும் ஒவ்வொரு குட்டியிலும் அதன் பங்கு பாதி. அதனால் வியாபாரி கூடுதலாகக் கொடுக்கும் காசை, அடுத்த ஈத்துக் குட்டிகள் அத்தனையோடும் வைத்துக் கணக்குப் போடுங்க. அப்புறம் விற்பதா வைப்பதா என்று முடிவு பண்ணுங்க.