இருமத் தேடலுக்கு மாற்றமிலி எழுதும் முறை

மடக்கின் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது உண்மையாக இருக்கும் கூற்றே மடக்கு மாற்றமிலி. நிரலின் சரித்தன்மையை இத்தகைய கூற்றுகளால் நிறுவும் முறைக்கு ராபர்ட் ஃபிளாய்ட் 1967இலும் டோனி ஹோர் 1969இலும் அடித்தளமிட்டனர். பழகுவதற்கு ஏற்றது, ஏறுவரிசையில் உள்ள அணியில் நடக்கும் இருமத் தேடல்.

நிரலுக்கு முன் விடைக்கூற்றை எழுத வேண்டும்: 'விடை' என்ற இடத்துக்கு முன்னுள்ளவை எல்லாம் தேடும் மதிப்பான இலக்கைவிடச் சிறியவை, அங்கிருந்து கடைசிவரை எதுவும் சிறியதல்ல.

அடுத்த படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தேடும் பகுதியின் இரு எல்லைகளை இடது, வலது என்று கொண்டு, '0 ≤ இடது ≤ வலது ≤ நீளம்' என்று எழுதிவிட்டு மாற்றமிலி கிடைத்துவிட்டதாக நினைப்பார்கள். அது உண்மைதான், ஆனால் இலக்கைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதை மட்டும் வைத்து விடையை நிறுவ முடியாது. மாற்றமிலியை எங்கிருந்தோ ஊகித்துப் பிடிக்க வேண்டியதில்லை. விடைக்கூற்றைத் தளர்த்தினாலே போதும். 'விடை' என்ற ஒரே இடத்தை இரண்டாகப் பிரித்தால், இடதுக்கு முன்னுள்ளவை சிறியவை, வலது முதல் உள்ளவை சிறியவை அல்ல என்று வரும். நடுவில் இருப்பது இன்னும் பாராத பகுதி. மடக்கு முடிகையில் இடதும் வலதும் ஒன்றாகின்றன. மாற்றமிலி அப்படியே விடைக்கூற்றாகிவிடுகிறது. முடிவு நிபந்தனையோடு சேர்ந்து விடையைத் தராத மாற்றமிலியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

தொடக்கத்தில் இடது = 0, வலது = நீளம். இரு பக்கமும் வெறுமை என்பதால் கூற்று தானாகவே உண்மை. பிறகு, இடதும் வலதும் ஒன்றாகாதவரை, இரண்டுக்கும் இடைப்பட்ட 'நடு' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும்: அணி[நடு] < இலக்கு எனில் இடது = நடு + 1; இல்லையெனில் வலது = நடு. வலது எல்லையைப் பகுதிக்கு வெளியே வைப்பதே விதி. உள்ளே வைத்தால் +1, −1 குழப்பம் தீராது.

இதில் 'இடது = நடு' என்று எழுதினாலும் மாற்றமிலி குலையாது. ஆனால் ஒரே உறுப்பு மிஞ்சும்போது நடுவும் இடதும் ஒன்றாகி, மடக்கு முடிவின்றிச் சுழலக்கூடும். ஆகவே வலது − இடது ஒவ்வொரு சுற்றிலும் குறைகிறது என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும். இதை விட்டுவிட்டால் நிறுவல் பாதிதான்.

இனி அசர்ட், அதாவது நிரல் ஓடும்போதே ஒரு கூற்றைச் சோதிக்கும் கட்டளை. மாற்றமிலி முழுவதையும் சுற்றுக்குச் சுற்று சோதித்தால் தேடலின் வேகமே போய்விடும். அணி வரிசையில் இருப்பதால் எல்லைகளைப் பார்த்தால் போதும்: இடது 0 ஆக இல்லாதபோது அணி[இடது − 1] < இலக்கு; வலது நீளத்தைவிடக் குறைவாக இருக்கும்போது அணி[வலது] ≥ இலக்கு. நடுவைக் கணித்தவுடன் 'இடது ≤ நடு < வலது' என்ற அசர்ட்டும் கட்டாயம். ஏனெனில் (இடது + வலது) / 2 என்ற கணக்கில், குறியுள்ள 32 பிட் எண்ணின் உச்சமான 2,147,483,647ஐக் கூட்டுத்தொகை தாண்டினால் நடு எதிர்மமாகிவிடும். ஜாவாவின் நூலகத்திலேயே இருந்த இந்தப் பிழையை ஜோஷுவா பிளாக் 2006இல் வெளிப்படுத்தினார். காகிதத்தில் எழுதும் எண்ணுக்கு எல்லையில்லை, கணினியின் எண்ணுக்கு உண்டு. இடது + (வலது − இடது) / 2 என்றே எழுத வேண்டும்.

அசர்ட்டுக்குள் மாறியின் மதிப்பை மாற்றக் கூடாது. பயனர் தரும் உள்ளீட்டைச் சரிபார்க்கவும் அதை நம்பக் கூடாது: ஜாவாவில் இயல்பாகவே அசர்ட் அணைந்திருக்கும், சி, பைத்தான் மொழிகளிலும் அணைக்க வழி உண்டு.