விரிசல் விட்ட அலாய் வீல்: வெல்டிங்கா, மாற்றா?

பஞ்சர் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கிவிடுகிறது. மழைக்காலம் முடிந்த கையோடு டயர் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. காற்றை ஏற்றி, ரிம்மின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், முடியளவு கீற்று ஒன்றிலிருந்து நுரை பொங்கும். தண்ணீர் மூடிய பள்ளத்தில் வாங்கிய அடி அது. டயரின் பக்கச்சுவர் குட்டையாக இருக்க இருக்க, அடி நேரே ரிம்முக்குப் போகிறது.

வெல்டிங் வைத்தால் செலவு குறைவுதான். ஆனால் விலையைப் பேசுவதற்கு முன் விரிசல் எங்கே என்று பாருங்கள். ஸ்போக்கிலோ, நட்டு உட்காரும் இடத்திலோ, ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலையிலோ இருந்தால் பேச்சே வேண்டாம், வீலை மாற்றியாக வேண்டும். பாரம், பிரேக், திருப்பம் எல்லாவற்றின் விசையும் அந்த வழியாகத்தான் போகிறது. உள்விளிம்பில், நீளம் குறைந்த ஒரே ஒரு விரிசல் என்றால் மட்டும் வெல்டிங்கை யோசிக்கலாம்.

ஏன் இவ்வளவு கறார்? வார்ப்பு அலாய் வீல்களில் பரவலாகப் பயன்படும் கலவை ஏ356: அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், சிறிது மெக்னீசியம். வார்த்த பிறகு ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அதற்கு உறுதி ஏற்றுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த உறுதி போய்விடும். ஒட்டு எவ்வளவு அழகாக அமைந்தாலும் அதன் இரு பக்கமும் உலோகம் இளகியே இருக்கும். இழந்த பலத்தை மீட்க முழு வீலையும் மறுபடி சூளையில் வைக்க வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அது நடக்காது.

நல்ல பட்டறைக்காரர் பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவி விரிசலின் முனையைத் தேடுவார். முனையில் துளை போட்டு, விரிசலை முழு ஆழத்துக்கும் கடைந்தெடுத்த பிறகுதான் ஆர்கான் வெல்டிங் வைப்பார். முனை தப்பினால் விரிசல் ஒட்டைத் தாண்டி ஓடும். கடைசியில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள், பேலன்ஸிங்கும் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும், அந்த வீலை நான் ஸ்டெப்னியாக மட்டுமே வைப்பேன். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் காரில் மாட்டமாட்டேன்.

பழைய வீல் தேடிச் சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் அளவு, நட்டுத் துளை வட்டம், ஆஃப்செட், நடுத்துளை நான்கையும் ஒத்துப்பார்க்க வேண்டும். பெயிண்ட் மட்டும் புதிதாகப் பளபளத்தால் வாங்காதீர்கள், அடியில் யாரோ வைத்த வெல்டிங் ஒளிந்திருக்கலாம். உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கையில் பணம் இருந்தால் கம்பெனி வீல் ஒன்று வாங்குவதே நிம்மதி. இல்லை, தினமும் குண்டும் குழியுமான சாலைதான் என்றால், இரும்பு ரிம்முக்கு மாறுவதில் ஒரு குறைவும் இல்லை. பள்ளத்தில் அடி வாங்கினால் அது பெரும்பாலும் வளையுமே தவிர விரிசல் விடாது. மாற்றும்போது நட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அலாய் வீல் நட்டின் சரிவு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம்.