அமைச்சரின் பதினோராவது பெயர்

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செயல்திட்டம் எழுதச் சொன்னால் விக்கிப்பீடியாவைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். “கண்டவரும் எழுதுகிற இடம், அந்தப் பக்கமே போகக் கூடாது” என்கிறார் தலைமையாசிரியர். “பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துக்கு இணையானது என்று ஆய்வே வந்திருக்கிறது” என்கிறார் கணினி ஆசிரியர். மாணவர்களிடம் நான் எதைச் சொல்வது?
— வரலாற்று ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் தலைமையாசிரியரின் குற்றச்சாட்டு பழையது, குறியும் தப்பியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் காந்தியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் யாராவது கெட்ட வார்த்தை எழுதப் பார்த்தால் அது நிற்காது. அடிக்கடி சண்டை வரும் பக்கங்களைப் புதியவர்கள் கைவைக்க முடியாதபடி பாதி பூட்டியே வைத்திருக்கிறார்கள். மற்ற பக்கங்களில் கிறுக்கலை மோப்பம் பிடித்து அழிக்கத் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு செய்தி உண்மையா என்று விக்கிப்பீடியா கேட்பதில்லை. நம்பத்தக்க வெளியீடு ஒன்றில் அது வந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறது. இதை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை, கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியையும் யாராவது ஓர் ஆள் வந்து கேட்டால்தான் உண்டு. ஆள் வராத பக்கத்தில் எதுவும் கேட்கப்படாமலே வருடக்கணக்கில் கிடக்கும். விக்கிப்பீடியாவின் வேடிக்கைகள், விபரீதங்கள் இரண்டுமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2009 பிப்ரவரியில் ஜெர்மனிக்குப் புதிய பொருளாதார அமைச்சர் வந்தார். பிரபு குடும்பத்துப் பிள்ளை என்பதால் பெயர் நீளம்: கார்ல் தியோடர் மரியா நிக்கோலாஸ் யோஹான் யாக்கோப் பிலிப் ஃப்ரான்ஸ் யோசெஃப் சில்வெஸ்டர், அதன் பிறகு குடும்பப் பெயர் குட்டன்பெர்க். எண்ணிப் பார்த்தால் குடும்பப் பெயருக்கு முன்னால் மட்டும் பத்துப் பெயர்கள். பதவி உறுதியாகிற நேரத்தில் பெயர் வெளியிடாத ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் பிலிப்புக்கும் ஃப்ரான்ஸுக்கும் நடுவே ‘வில்ஹெல்ம்’ என்று ஒன்றைச் சொருகினார். பத்தோடு பதினொன்று, யாருக்குத் தெரியப் போகிறது? ஓரிரு நாட்களில் நாட்டின் அதிகம் விற்கும் நாளிதழான ‘பில்ட்’ முதல் பக்கத்திலேயே வில்ஹெல்மோடு சேர்த்து முழுப் பெயரையும் அச்சிட்டது. ‘ஷ்பீகல்’ இணையதளம் உட்பட வேறு ஊடகங்களிலும் அது வந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். சந்தேகப்பட்டு அந்தப் பெயரை நீக்கப் போனபோது, அதைத் தக்கவைக்க ‘ஷ்பீகல்’ செய்தியே சான்றாகக் காட்டப்பட்டது. பத்திரிகை விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியது. விக்கிப்பீடியா பத்திரிகையைக் காட்டி நிரூபித்தது. அமைச்சரின் பிறப்புச் சான்றிதழ் இந்தச் சுற்றில் எங்குமே வரவில்லை.

இதில் ஏமாந்தது பத்திரிகைக்காரர்கள்தானே, விக்கிப்பீடியாவை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாதி நியாயம். அவசரத்துக்கு எடுத்தாள்கிறவன் தவறு செய்வது புதிதல்ல. புதிது என்னவென்றால், எடுத்தாண்ட தவறு திரும்பி வந்து தன் பிறப்பிடத்துக்கே அத்தாட்சி ஆவது. தென் அமெரிக்காவில் கோட்டி என்றொரு நீண்ட மூக்கு விலங்கு உண்டு. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் அதன் கட்டுரையில், ‘பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் அழைப்பர்’ என்று விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்காவில் வாழும், கோட்டிக்கு எந்த உறவும் இல்லாத விலங்கு. சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாளிதழ்களும் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலும் அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தன. அத்தனை பேர் அப்படி எழுதிய பிறகு, அது பொய் என்று சொல்லவும் கொஞ்சம் தயக்கம் வந்துவிடுகிறது. கோட்டியை நிஜமாகவே சிலர் அப்படித்தானே இப்போது அழைக்கிறார்கள்!

நீங்கள் வரலாறு நடத்துகிறவர் என்பதால் கோவாவில் நடக்காத ஒரு போரையும் சொல்லிவிட வேண்டும். 2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பிச்சோலிம் மோதல் பற்றிய கட்டுரை தொடங்கப்பட்டது. 1640–41இல் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த போர், கடைசியில் உடன்படிக்கை என்று சுமார் 4,500 சொற்கள். பிச்சோலிம் என்ற ஊர் வடக்கு கோவாவில் இருக்கிறது. போர் மட்டும் இல்லை. இரண்டே மாதத்தில் அதற்கு ‘நல்ல கட்டுரை’ என்ற தரச்சான்று கிடைத்தது. ஆங்கிலத்தில் உள்ள கட்டுரைகளில் மிகச் சிறிய பங்குக்கே அது கிடைக்கும். ஐந்தாண்டுக்கு மேல் அந்தப் பதக்கத்தோடு இருந்த கட்டுரை, ஒரு தன்னார்வலர் அடிக்குறிப்பில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்த பிறகு 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. அந்த நூல்களே உலகில் கிடையாது. சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். 1640இல் பத்து வயதுப் பையனாக இருந்தவர் பின்னால் உண்டாக்கிய அரசு அப்போதே போர் நடத்தியதாம். உங்கள் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பெண் இதை ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பாள். தரச்சான்று கொடுத்தவர் பார்த்தது நடை, பத்திப் பிரிப்பு, அடிக்குறிப்பு எண்ணிக்கை ஆகியவற்றை. அவை எல்லாம் சுத்தமாகவே இருந்தன. சீன விக்கிப்பீடியாவில் இதைவிடப் பெரிய கூத்து 2022இல் வெளிப்பட்டது: இடைக்கால ரஷ்யாவைப் பற்றி ஒரே ஒருவர் பத்தாண்டுக்கு மேல் கற்பனையாக எழுதிச் சேர்த்த இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், இல்லாத ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காக நடந்த போர் உட்பட.

பிச்சோலிம் கட்டுரையின் நூல்களைச் சரிபார்க்க ஐந்தாண்டுகள் ஓர் ஆளும் வராத அதே ஆங்கில விக்கிப்பீடியாவில், 2012 டிசம்பர் முதல் 2013 ஜனவரி வரை ‘ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்’ என்ற படத்தின் பெயரில் ‘இன்டு’வின் முதல் எழுத்து பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்தார்கள். கோவாப் போர் நீக்கப்பட்டதும் கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான். தயிரை ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டுவது என்ற தகராறு எட்டாண்டுக்கு மேல் இழுத்தது. சம்பளம் இல்லாமல் வருகிறவர்களை இங்கே போ, அங்கே போ என்று யாரும் அனுப்ப முடியாது. அவரவருக்குப் பிடித்த இடத்தில்தான் கூடுவார்கள்.

அச்சில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்ற விதி உண்மையையும் வாசலில் நிறுத்தும். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் ‘தி ஹ்யூமன் ஸ்டெய்ன்’ நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று விக்கிப்பீடியா குறிப்பிட்ட ஆள் தவறு, உண்மையில் அது தன் நண்பர் ஒருவருக்கு நேர்ந்த சம்பவம் என்று திருத்தக் கேட்டார். ஆசிரியரின் வாய்மொழி போதாது, வேறு வெளியீட்டுச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் ராத் அதையே ‘நியூயார்க்கர்’ இதழின் இணையதளத்தில் பகிரங்கக் கடிதமாக எழுதினார். இப்போது வெளியாகிவிட்டது அல்லவா? சான்று ஆயிற்று, கட்டுரையில் இடமும் கிடைத்தது. சொன்னவர் அவரே, சொன்ன விஷயமும் அதுவே. நடுவில் ஒரு பத்திரிகை வந்ததுதான் வித்தியாசம். 2018இல் கனடா இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவுக் கட்டுரையைப் போதிய சார்பற்ற சான்றுகள் இல்லை என்று மே மாதம் திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலில் அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். அறிவிப்பு வந்த நேரத்திலும் அவருக்குத் தனிக் கட்டுரை இல்லை.

இந்த விதியைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். நாவலாசிரியர் சொன்னால் ஏற்கலாம் என்றால், அமைச்சர் தன் ஊழல் வழக்கைப் பற்றிச் சொல்வதையும் ஏற்க வேண்டிவரும். எழுதுகிறவர் உண்மையிலேயே ராத்தானா என்று கண்டுகொள்ளவும் வழி இல்லை. ஆகவே விதி முட்டாள்தனமானது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் ஏறாத அறிவுக்கு அது இடம் தராது என்பதை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் தெய்யம் என்ற சடங்காட்டம் ஆடுகிறவருக்குத் தெரிந்தது, பிள்ளைகளின் தெரு விளையாட்டு விதிகள் போன்றவற்றுக்கு அடிக்குறிப்பு ஏது? 2011இல் கேரளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் பேச்சைப் பதிவு செய்து அதையே சான்றாக வைக்கிற முயற்சி ஒன்று நடந்தது. விக்கிப்பீடியாவின் பொது வழக்கமாக அது மாறவில்லை.

கணினி ஆசிரியர் சொல்லும் ஆய்வு 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிகாவில் 123. பிரிட்டானிகா அதைக் கடுமையாக மறுத்தது. மறுப்பை ஒதுக்கி வைத்துவிட்டே பார்ப்போம். எடுத்துக்கொண்டவை அறிவியல் தலைப்புகள். ஆங்கிலத்தில், அறிவியல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்துபோகும் பக்கங்கள். அந்த முடிவை பிச்சோலிமுக்கோ மற்ற மொழி விக்கிப்பீடியாக்களுக்கோ நீட்ட முடியாது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேலான கட்டுரைகளை எழுதியவர் அந்த மொழியே தெரியாத அமெரிக்கப் பதின்பருவ இளைஞர் என்று 2020இல் தெரியவந்தது. ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தார். அந்த மொழி பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் வராததால் ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழியில் அறுபது லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு ஸ்வீடன்காரர் எழுதிய நிரல் உற்பத்தி செய்தவை. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழ் இந்த இடத்தில் கொஞ்சம் பிழைத்துக்கொண்டது. கூகுள் 2009இல் கூலிக்கு ஆள்வைத்துக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றத் தொடங்கியபோது, உடைந்த வாக்கியங்களையும் தமிழ் வாசகர் தேடாத தலைப்புகளையும் சுட்டிக்காட்டித் தமிழ் விக்கிப்பீடியர்கள் எதிர்த்தார்கள், நிபந்தனைகள் போட்டார்கள். அதற்கு ஆள் இருந்தார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் வல்லுநர்களிடம் ஒப்படைத்துவிடலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நுபீடியா 2000இல் ஏழு கட்டச் சரிபார்ப்போடு தொடங்கி, 2003இல் மூடப்படும்வரை இரண்டு டஜன் கட்டுரைகள் அளவிலேயே நின்றது. கூட்டத்தின் வேலை எப்போது நன்றாக இருக்கும் என்பதற்கு அதே குட்டன்பெர்க்கே சாட்சி. 2011 பிப்ரவரியில், அப்போது ராணுவ அமைச்சராக இருந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் திருட்டு இருப்பதாகப் பேச்சு எழுந்தது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் தனி விக்கி ஒன்றைத் தொடங்கி, ஆய்வேட்டை ஒரு பக்கமும் மூல நூல்களை மறுபக்கமும் வைத்துப் பக்கம் பக்கமாக, வரி வரியாக ஒப்பிட்டார்கள். சில நாட்களில் பட்டம் போயிற்று; மார்ச் 1 அன்று பதவியும் போயிற்று. பதினோராவது பெயரை விட்டுவைத்ததும் கூட்டம்தான், ஆய்வேட்டைப் பிடித்ததும் கூட்டம்தான். இரண்டாவது கூட்டம் மூலத்தைத் திறந்து பார்த்தது.

ஆகவே தடை போடாதீர்கள், ஆனால் இறக்கி எழுதவும் விடாதீர்கள். கட்டுரையின் மேலே ‘உரையாடல்’, ‘வரலாற்றைக் காட்டவும்’ என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். எந்த வாக்கியம் எந்தத் தேதியில் சேர்ந்தது, யார் எதிர்த்தார்கள் என்பது அங்கே கிடைக்கும். அச்சுக் கலைக்களஞ்சியம் எதுவும் இதைக் காட்டியதில்லை. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் காட்டுவதில்லை. விக்கிப்பீடியாவைப் படித்துப் பழகிய அவை சண்டை நடந்த தடமே இல்லாமல் பதிலை மட்டும் நீட்டுகின்றன. மாணவர்களுக்கு ஒரு பாடவேளைப் பயிற்சியாக இப்படிக் கொடுங்கள்: உங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் கட்டுரையில் ஏதாவது ஒரு தகவலை எடுத்து, அது கட்டுரையில் ஏறிய தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு சான்றாகக் காட்டியுள்ள செய்தி வெளியான தேதியைப் பார்க்க வேண்டும். சான்று பிந்தையதாக இருந்தால், அந்தத் தகவல் ஏறுவதற்கு முன்பே அச்சான ஒரு நூலை நூலகத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். தவறு என்று உறுதியானால் அவர்களே திருத்தலாம், பக்க எண்ணோடு. பள்ளிக் கணினியில் அதைச் செய்யத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.