மணிக்கட்டை மடக்குகிற தசை



கொழுந்து எடுக்கிற அக்காமார் பலர், "மணிக்கட்டு இழுக்குது, முழங்கை உள்பக்கம் குத்துது" என்று சொல்வதுண்டு. வலி இரண்டு இடத்தில் இருந்தாலும் காரணம் ஒரே தசையாக இருக்கலாம். அந்தத் தசையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

உங்கள் கையிலேயே பாருங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை இறுக்கிப் பொத்தி, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி நாண்கள் எழும்பும். நடுவில் மெல்லிய நாண் ஒன்று தெரியும். சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காது, அதனால் பயமில்லை. அதற்கு அடுத்து, பெருவிரல் பக்கமாகத் தடித்துத் தெரிவதுதான் நமது தசையின் நாண். அதற்கு வெளியே உள்ள பள்ளத்தில்தான் டொக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார்.

இந்தத் தசை முழங்கையின் உள்பக்கம் தட்டுப்படுகிற எலும்பு முண்டில் தொடங்குகிறது. முன்கையில் சாய்வாக இறங்கி, பாதி வழியில் நாணாக மாறுகிறது. மணிக்கட்டைத் தாண்டி, ஆள்காட்டி விரலுக்கு நேரே உள்ள உள்ளங்கை எலும்பின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. தசை சுருங்கும்போது நாண் இழுபட்டு மணிக்கட்டு மடங்கும். பெருவிரல் பக்கமும் சாயும். சுண்டுவிரல் பக்கத்தில் இன்னொரு தசை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் கை நேராக மடங்கும்.

விரல்களை மடக்குகிற தசையொன்றும் அதே முண்டில்தான் தொடங்குகிறது. மலையில் கொழுந்து பறித்து, வீட்டிலும் துணி பிழிந்தால், பாரம் முழுதும் அந்த ஒரே இடத்தில் விழும். முழங்கை குத்துவது அதனால்தான்.

என்ன செய்யலாம்?

1. இடைவேளையில் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, மற்றக் கையால் விரல்களைக் கீழே மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். 20 எண்ணும்வரை, 3 தடவை. வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

2. வலி உள்ள நாட்களில் துணி பிழிவதையாவது வீட்டில் மற்றவர்கள் செய்யட்டும். ஆண்களுக்கும் கை இருக்கிறதுதானே!

3. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால், முக்கியமாக இரவில், அது நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

4. கவ்வாத்துக் கத்தி மணிக்கட்டில் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நாணுக்குப் பக்கத்தில்தான் கையின் முக்கிய நரம்பு ஓடுகிறது. இரத்தம் நின்றாலும், நாணோ நரம்போ அறுந்திருந்தால் தானாக ஒட்டாது.

கை நமது மூலதனம். வலி சின்னதாக இருக்கும்போதே கவனியுங்கள்.