மழை குறைந்த ஆண்டின் கணக்கு



காவிரிச் சிக்கல் என்றதும் யாருக்கு எத்தனை டி.எம்.சி. என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் காவிரிப் படுகையின் நீரை 740 டி.எம்.சி. என்று கொண்டு பங்கு பிரித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதைத் திருத்தி, எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்றது. ஆனால் 740 என்பது 50 விழுக்காடு நம்பகத்தன்மையில் எடுத்த அளவு. அதாவது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஓராண்டு அதற்கும் குறைவாகவே கிடைக்கும். 2022இல் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தபோது யாரும் சண்டையிடவில்லை. 2002, 2012, 2016, 2023 என மழை பொய்த்த ஆண்டுகளில்தான் சாலைகள் மறிக்கப்பட்டன. ஆகவே நீர் குறையும் அந்தப் பாதி ஆண்டுகளுக்கான விதி எங்கே என்பதே என் கேள்வி.

விதி இருக்கிறது, ஒரே வரியில்: பற்றாக்குறை ஆண்டில் பங்குகளை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த நாளில், எதை வைத்துக் குறைப்பது என்பதில்தான் வம்பு. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை உண்டு, அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறது கர்நாடகம். சம்பாவுக்கு அது ஓரளவு பொருந்தும். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதை நம்பி விதைக்கும் குறுவைக்குப் பொருந்தாது. ஐப்பசி மழை வருமுன் அந்தப் பயிரின் கதை முடிந்துவிடும். தீர்ப்பில் மாதவாரி நீர்த்திறப்பு அட்டவணை இருப்பதே இதனால்தான். அதேசமயம், வறண்ட ஆண்டிலும் முழு அளவையே கேட்பது நமக்கும் நியாயமாகாது.

எங்கள் மலையில் பெய்த மழை எங்களுக்கே என்பார்கள் கர்நாடகத்தில். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த மாநிலத்துக்கும் தனிச்சொத்து ஆகாது என்று 2018 தீர்ப்பே சொல்லிவிட்டது. காவிரியின் குறுக்கே மேகதாதுவில் 67 டி.எம்.சி. அணை கட்டினால் சிக்கல் தீரும் என்றும் அவர்கள் சொல்வார்கள். அணை தேக்கும், மழையை வரவழைக்காது. குறைவைப் பகிரும் சூத்திரம் இல்லாதவரை அது மேலே இருப்பவர் கையில் இன்னொரு மதகு, அவ்வளவே. பெங்களூரின் குடிநீருக்கென நீதிமன்றம் 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். அது நியாயமான தேவைதான். (அதை ஒப்புக்கொள்ள நம் மேடைகளில் ஆளில்லை.)

2023இல் காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரின் குறைவைக் கணக்கிட்டு, 15 நாளுக்கு வினாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொன்னது. இரு தரப்பும் கோபப்பட்டன. ஆனாலும் வழி அதுதான். அந்தக் கணக்கைப் பருவம் தொடங்குமுன், மே மாதத்திலேயே இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை காவிரிச் செய்தி வரும்போது தலைவர்களின் அறிக்கையைத் தள்ளிவைத்து, கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கிற்கும் எவ்வளவு நீர் வந்தது என்பதை முதலில் தேடிப் படி, தம்பி.